மிதிக்க ஓர் ஆள்

அம்பிகைபாகன் சாரின் காரில் ஒரு கோளாறும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்டர்நெட்டில் எங்கள் ஒர்க்‌ஷாப்பின் பெயரைத் தேடினால், ஒற்றை ஸ்டாருக்குக் கீழே வேறொரு கதை இருக்கும். கவனமில்லாத மெக்கானிக், என் அப்பாவைக் கொல்லப் பார்த்தார் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். எழுதியவர் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அவரும் பாவம், தனக்குச் சொல்லப்பட்டதைத்தான் எழுதினார். சொல்லப்பட்டது பொய். அந்தப் பொய்யைச் சொன்னவர் என் வீட்டுக்காரர்.

நான் தங்கம். சிங்கப்பூரில், ஆங் மோ கியோ தொழிற்பேட்டையில் வரிசையாக இருக்கும் கார் ஒர்க்‌ஷாப்புகளில் கடைசியில் இருப்பது எங்களுடையது. காருக்கு அடியில் கிடப்பவர் என் கணவர் சுப்பிரமணியம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து போன் எடுப்பதும், சாமான் வரவழைப்பதும், வருகிறவர்களிடம் பேசுவதும் நான். அவர் லேசில் வாயைத் திறக்கமாட்டார். அவருக்கும் சேர்த்து நான் பேசுகிறேன் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேலி செய்வார்கள். இரண்டு பேரில் ஒருவராவது பேசாவிட்டால் கடை எப்படி நடக்கும்?

அம்பிகைபாகன் சார் முதன்முதலில் வந்தபோது இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, பையில் பேனா, பளபளக்கும் ஷூ. கிரீஸ் படிந்த தரையில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நடந்து வந்தார். இப்படி உடுத்திக்கொண்டு எங்கள் கடைக்கு யாரும் வருவதில்லை. இன்ஷூரன்ஸ் விற்கிற ஆள் என்று நினைத்து, "பாஸ் இல்ல சார்" என்று சொல்லிவிட்டேன். பாஸ் அப்போது எங்கள் கண்ணெதிரேயே ஒரு டயரைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா, நான் என் வண்டிய காட்டத்தான் வந்தேன். ஆக்ஸிலரேட்டர மிதிச்சா உடனே போக மாட்டேங்குது. கொஞ்சம் யோசிச்சுட்டுப் போகுது, என்னை மாதிரியே," என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைக்கு நான் சிரித்துவிட்டேன். தான் சொன்னதற்கு ஒருவர் சிரித்தார் என்பதையே அவர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

வண்டி வயதான ஜப்பான் கார். சிங்கப்பூரில் ஒரு காருக்குப் பத்து வருடம்தான் கணக்கு. அதற்கு மேலும் ஓட்ட வேண்டுமென்றால் சிஓஇ என்கிற கார் உரிமத்தைப் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். புத்தியுள்ளவர்கள் புதுப்பிக்காமல் வண்டியை ஒழித்துக்கட்டிவிட்டு வேறு வாங்குவார்கள், அல்லது எம்ஆர்டி ரயிலில் போவார்கள். இவர் புதுப்பித்து வைத்திருந்தார். முன்சீட்டில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில், பூப்போட்ட ஒரு சின்ன மெத்தை கிடந்தது. அது யாருடையது என்று நான் கேட்கவில்லை. அது அப்படியே கிடந்ததிலேயே தெரிந்தது.

கோளாறு என்னவென்று என் கணவர் பானெட்டைத் திறந்ததுமே கண்டுபிடித்துவிட்டார். ஆக்ஸிலரேட்டர் கேபிள். இந்தக் காலத்துக் கார்களில் அது கிடையாது. பெடலை மிதித்தால் கம்ப்யூட்டருக்குச் செய்தி போகும், மீதியை அது பார்த்துக்கொள்ளும். பழைய வண்டிகளில் பெடலிலிருந்து என்ஜின் வரைக்கும் ஓர் உறைக்குள் இரும்புக் கம்பி ஓடும். சைக்கிள் பிரேக் கம்பி மாதிரிதான். மிதித்தால் கம்பி இழுக்கும், என்ஜினில் காற்று போகிற வாயில் ஒரு தகடு திறக்கும், வண்டி ஓடும். வருடக் கணக்கில் இழுபட்ட கம்பி நீண்டுபோகும், ஒவ்வோர் இழையாக அறும். சார் வண்டியில் கம்பி பாதி அறுந்து முடிக்கற்றை மாதிரி பிரிந்து நின்றது.

புதுக் கேபிள் வந்ததும் சாரை வரச் சொன்னேன். பழையதைக் கழற்றிப் புதியதைக் கோத்து, என்ஜின் பக்கத்தில் இரண்டு நட்டுகளால் அதை இறுக்க வேண்டும். ஒரு நட்டு கம்பியை எவ்வளவு இழுக்க வேண்டுமோ அவ்வளவு இழுக்கும். இன்னொன்று அது நகராமல் பூட்டும். ரொம்பத் தளர்ந்தால் வண்டி சோம்பும், ரொம்ப இறுகினால் காலை எடுத்தபிறகும் என்ஜின் அலறும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அடிவரைக்கும் மிதிக்க வேண்டும், மற்றவர் பானெட்டுக்குள் தலையை விட்டுத் தகடு முழுசாகத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் கடையில் இரண்டாவது மெக்கானிக் கிடையாது. பேசிக்கொண்டே பாதியில் காலை எடுத்துவிடுவேன் என்று என்னைக் கூப்பிடமாட்டார். அதற்காக என் கணவர் ஒரு துடைப்பக் கட்டையை அளவாக வெட்டி வைத்திருந்தார். அதைப் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் முட்டுக்கொடுத்துவிட்டுத் தனியாகவே வேலையை முடித்துவிடுவார். அன்று அந்தக் கட்டையைக் காணவில்லை. குப்பை என்று நினைத்து நான்தான் எறிந்திருந்தேன்.

கட்டையைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, "சார், நீங்க உள்ள உக்காந்து மிதிக்க முடியுமா?" என்று கேட்டார் என் கணவர்.

சார் ஷூவைக் கழற்றப் போனார். வேண்டாம் என்று சொன்னோம். உள்ளே உட்கார்ந்து, ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பரீட்சை எழுதப் போகிறவரைப் போலத் தயாரானார்.

"மிதிங்க!"

"மிதிச்சுட்டேன்!"

"ஃபுல்லா?"

"ஃபுல்!"

"விடுங்க!"

"விட்டாச்சு!"

கடை அதிர்கிற மாதிரி கத்தினார்கள். என் வீட்டுக்காரருக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. நட்டைக் கொஞ்சம் திருப்புவார், மிதிக்கச் சொல்வார், மறுபடி திருப்புவார். சரியாக அமைந்ததும் பூட்டு நட்டை இறுக்கி, வெள்ளை மார்க்கரால் நட்டின்மேல் ஆரம்பித்துப் பக்கத்து இரும்பு வரைக்கும் ஒரு கோடு போட்டார். எந்த நட்டை இறுக்கினாலும் அவர் இப்படிக் கோடு போடுவார். கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அவர் இறுக்கிய நட்டு நகர்ந்ததாக ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை.

கீழே காப்பிக்கடையிலிருந்து சாருக்கு ஒரு கொப்பி ஓ கோசோங் வாங்கிக் கொடுத்தேன். சர்க்கரை போடாத வெறும் கறுப்புக் காப்பி. ஸ்டூலில் உட்கார்ந்து அதை ஊதி ஊதிக் குடித்தார். முகம் மலர்ந்திருந்தது.

"தங்கம், இதைச் செய்யுங்கன்னு யாராவது என்கிட்ட சொல்லி ரொம்ப நாளாச்சு," என்றார்.

"புதுக் கேபிள் சார், கொஞ்சம் இழுத்துக்கும். அடுத்த மாசம் ஒரு தடவை கொண்டுவாங்க, பாத்துக்கலாம்," என்றார் என் கணவர். வழக்கமாகச் சொல்வதுதான். எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது.

அடுத்த மாதம் வந்தார். கேபிள் லேசாகத் தளர்ந்திருந்தது, சரிசெய்தோம். இனி வர வேண்டாம், வருடக்கணக்கில் ஓடும் என்று சொல்லி அனுப்பினோம். அதற்கு அடுத்த மாதம் போன் வந்தது. "தங்கம், ஆக்ஸிலரேட்டர் மறுபடியும் லூஸா இருக்கு." வந்தார். அதற்கு அடுத்த மாதமும்.

அவருக்கு வீடு புக்கிட் பாத்தோக்கில். நேராக எங்களிடம் வரமாட்டார். தேக்கா மார்க்கெட்டில் காரை நிறுத்திவிட்டு ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்கிக்கொண்டு, அங்கிருந்து ஆங் மோ கியோவுக்கு வருவார். வந்ததும் என் மேசையில் பேப்பரை விரித்துக் கீரையை இரண்டாகப் பிரிப்பார்.

"ஒரு ஆளுக்கு ஒரு கட்டு ஜாஸ்தி. பாதி கட்டு தர மாட்டேங்கறாங்க," என்பார்.

"அதுக்காகவா இவ்வளவு தூரம் பெட்ரோல் போட்டுக்கிட்டு வர்றீங்க?" என்று கிண்டல் செய்வேன்.

"கீரை வீணாகக் கூடாது இல்லையா?"

இப்படிக் கீரையும் கேபிளுமாக அவர் கதை துண்டு துண்டாக வந்தது. தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்தவர். தாத்தா, அப்பா, இவர் எல்லோருக்கும் மேசை வேலைதான். இவர் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து ஓய்வுபெற்றார். மனைவி குணவதி டீச்சர். பூப்போட்ட மெத்தை அந்த அம்மாவுடையதுதான். முதுகுவலிக்காகத் தைத்துக்கொண்டார்களாம். அவர் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. மகள் சிவதர்ஷினி ஆஸ்திரேலியாவில், பெர்த்தில். மகன் கஜன் பாசிர் ரிஸ்ஸில். புக்கிட் பாத்தோக் சிங்கப்பூர்த் தீவின் மேற்குப் பக்கம், பாசிர் ரிஸ் கிழக்குக் கோடி. ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் வரும். பேரப்பிள்ளைகள் "ஹாய் தாத்தா, பை தாத்தா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள்.

ஒருநாள் நான் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். தன் அடுக்குமாடி பிளாக்குக்குக் கீழே காப்பிக்கடையில் சாப்பிடுகிறாராம்.

"மீன் சூப் கடை ஆன்ட்டி என்னைப் பாத்ததும் வெச்சுடுவா. நான் வாயத் திறக்க வேண்டியதே இல்ல. நல்ல பொம்பளதான். ஆனா ஒரு நாள் யோசிச்சுப் பாத்தேன், காலையிலேருந்து என் குரல நானே கேக்கல."

அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு அந்தக் குரல்தான் ஞாபகம். என் புருஷன் பேசாத மனிதர்தான், ஆனால் பேசாமல் இருப்பதற்காவது பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிறாரே.

கேபிள் ஏன் மாதாமாதம் தளர்கிறது என்று எனக்கு உறுத்தியது. ஒருவேளை சாமான் கொடுத்தவன் போலியைத் தலையில் கட்டிவிட்டானோ என்று அவனை போனில் பிடித்து விளாசப் போனேன். என் கணவர் கையைக் காட்டித் தடுத்தார். பானெட் பக்கம் கூட்டிப்போய் நட்டைக் காட்டினார். வெள்ளைக்கோடு இரண்டாகப் பிரிந்திருந்தது. நட்டின் முனைகள் மழுங்கி, பல் பதிந்த தடம் இருந்தது. தானாகத் தளர்கிற நட்டில் பல் பதியாது. யாரோ அளவு பொருந்தாத ஸ்பானரை வைத்துத் திருகியிருக்கிறார்கள்.

நான் திரும்பி சாரைப் பார்த்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, காப்பி கிளாஸை மடியில் வைத்துக்கொண்டு, தெருவில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவரேதான் கழட்டறாரா?" என்று மெல்லக் கேட்டேன்.

"விடு," என்றார் என் கணவர்.

"எதுக்குங்க?"

  கேட்டு முடிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.  சும்மா பேசிக்கொண்டிருக்க வந்தேன் என்று சொல்ல அந்த மனிதருக்கு வாய் வராது. காரியம் இல்லாமல் ஒரு படி ஏறமாட்டார். ஆபீஸிலேயே வாழ்ந்து பழகியவர், ஒரு காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் எங்கேயும் போவார். காரணம் இல்லாதபோது, ஒரு ஸ்பானரை வாங்கிக் காரணத்தைச் செய்துகொண்டார்.

அதன்பிறகு நாங்கள் அதைப்பற்றிப் பேசவே இல்லை. ஒவ்வொரு மாதமும் அவர் கழற்றுவார், இவர் இறுக்குவார், கோடு போடுவார். என் கணவர் புதிதாக ஒரு துடைப்பக் கட்டையை வெட்டி வைத்திருந்தார். ஆனால் சார் வருகிற நாளில் அது கண்ணில் படாது. "சார், வந்து மிதிங்க" என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு தடவை மகனைப் பற்றிப் பேச்சு வந்தபோது சார் சொன்னார். "கஜன் வந்துடுங்கறான். அவன் வீட்டுல ஒரு சின்ன ரூம் இருக்கு. பகல்ல எல்லாரும் வேலைக்கும் ஸ்கூலுக்கும் போயிடுவாங்க. இங்க தனியா இருக்கேன், அங்க போனாலும் தனியாத்தான். என்ன ஒண்ணு, இங்க கார் இருக்கு. நினைச்சா கிளம்பலாம்."

"அப்ப போகாதீங்க லா," என்றேன்.

"எனக்கு ஞாபகம் சரியில்லன்னு ஒரு பேச்சு வந்துச்சுன்னா, போகாம இருக்க முடியாது தங்கம்."

பேச்சு வரத்தான் செய்தது. சாருக்குக் கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். புதுக் கண்ணாடி இன்னும் வரவில்லை. அது வரும்வரைக்கும் பொறுத்திருக்கலாம். ஆனால் எங்களிடம் வருகிற நாள் நெருங்கிவிட்டது. கார் நிறுத்துகிற மாடியில் பானெட்டைத் திறந்து, மங்கின கண்ணோடு நட்டைத் திருகியிருக்கிறார். தளர்த்துவதற்குப் பதிலாக மாற்றித் திருகி இறுக்கிவிட்டார். மறுநாள் காலையில் கிளப்பியதும் என்ஜின் அலறியது. பதறிப்போய் கியரைப் போட, வண்டி பாய்ந்து எதிரே இருந்த தூணில் மோதியது. நல்லவேளை, குறுக்கே யாரும் இல்லை. முன்பக்கம் நசுங்கியது, சாருக்கு நெற்றியில் ஒரு வீக்கம். பக்கத்து வீட்டுக்காரர் மகனுக்குப் போன் செய்துவிட்டார்.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார்கள். சார் அதே முழுக்கைச் சட்டையில், நெற்றியில் பிளாஸ்டரோடு இறங்கினார். என்னைப் பார்க்கவில்லை. கஜனை அன்றுதான் முதலில் பார்த்தேன். அப்பாவின் அதே நீள முகம். அழுத்தி வாரின முடி, கழுத்தில் ஆபீஸ் பாஸ். தூங்காத கண்கள்.

"அங்கிள், எனக்கு ஸ்ட்ரெயிட்டா சொல்லுங்க. இது கார் ப்ராப்ளமா, அப்பா ப்ராப்ளமா?" என்றான்.

என் கணவர் பானெட்டைத் தூக்கினார்.

"அப்பாவக் கேட்டா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறார். ஒருவேளை ப்ரேக்குன்னு நினைச்சு ஆக்ஸிலரேட்டர மிதிச்சுட்டாரா? அப்படீன்னா நாங்க மெமரி டெஸ்ட் எடுக்கணும். அவரத் தனியா விட முடியாது. ஐ நீட் டு நோ அங்கிள்."

அந்தப் பையன் கெட்டவன் இல்லை. பயந்துபோயிருந்தான்.  சார் காரின் அந்தப் பக்கம் நின்று தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்கோடு பிரிந்து எதிர்ப்பக்கம் போயிருந்தது எனக்கே தெரிந்தது. எனக்கு நாக்கு துறுதுறுத்தது. உங்கப்பாவுக்கு ஞாபகம் நன்றாகத்தான் இருக்கிறது, பேச ஆள்தான் இல்லை, அதற்காகத்தான் மாதாமாதம் இந்த நட்டைக் கழற்றுகிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். சார் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. நான் தடுமாறின அந்த நேரத்தில் என் கணவர் பேசிவிட்டார்.

"என் தப்பு."

"வாட்?" என்றான் கஜன்.

"போன தடவை நட்ட டைட் பண்ணும்போது ஓவரா இழுத்துட்டேன். லாக் பண்ணவும் மறந்துட்டேன். அப்பா மேல தப்பு இல்ல. அவர் சரியாத்தான் ஓட்டினார்."

 கஜன் வெடித்தான். "அங்கிள், அப்பா உங்கள நம்பித்தானே எவ்ரி மந்த் இங்க வந்தார்! செத்திருந்தா?"

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். தான் இறுக்கிய நட்டு நகராது என்பதில் வீம்பு பிடித்த மனிதர். அந்த ஒரு விஷயத்தில்தான் அவருக்குக் கர்வம். அதையே எடுத்துப் போட்டுவிட்டு நின்றார்.

"கஜன், போதும்டா," என்றார் சார். அவ்வளவுதான் அவருக்கு வந்தது. என் கணவரைப் பார்த்து, "மணி..." என்று ஆரம்பித்தார்.  கஜன் அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான். சிஓஇ முடிய இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்ததால், ரிப்பேர் வேண்டாம், அப்படியே ஒழித்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். வண்டியை எடுத்துப் போவதற்கு முன்னால் பூப்போட்ட மெத்தையை மட்டும் நான் எடுத்து வைத்தேன்.

நான் என் புருஷனை அன்று வறுத்தெடுத்துவிட்டேன். "நம்ம பேரு என்னாகும்? உண்மையச் சொல்லியிருந்தா அந்தப் பையனுக்காவது புரிஞ்சிருக்கும். அப்பனை வந்து பாத்திருப்பான்!"

அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். "கழட்டினது அவர்னு சொன்னா, ஏன் கழட்டினார்னு கேப்பான். மகன் முன்னாடி அதை எப்படிச் சொல்றது தங்கம்?"

அவர் சொன்னது சரியா, நான் சொன்னது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சார் தன் வீட்டிலேயே இருந்தார், டெஸ்ட் எதற்கும் கூட்டிப் போகவில்லை. அது நடந்தது. ஆனால் காரும் போய்விட்டது, எங்கள் கடையும் ஆகாத கடையாகிவிட்டது. மனிதரின் மானத்தைக் காப்பாற்றி, அவர் போக இருந்த ஒரே இடத்தை அடைத்துவிட்டோம். ஒற்றை ஸ்டாரைப் பார்த்தபோதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

மாதம் ஒன்று போனது. ஒரு மத்தியானம் போன் அடித்தது.

"ஹலோ, தங்கமா?"

"சார்! எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன். வேற நம்பர் போடப் போனேன், கை பழக்கத்துல இங்க வந்துடுச்சு."

"பரவாயில்ல சார், பேசுங்க."

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டது. பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது.  சும்மா ஒருநாள் வாங்க சார் என்று சொன்னேன். "சும்மாவா?" என்று கேட்டார், அது ஏதோ புரியாத பாஷை மாதிரி. "சரிம்மா, வேலையப் பாருங்க" என்று வைத்துவிட்டார்.

அவர் வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். அவருக்குச் சும்மா வரத் தெரியாது.

ஆனால் வந்தார். எங்கள் கடைக்கு எதிரே பஸ் ஸ்டாப் இருக்கிறது. தொழிற்பேட்டை பஸ் ஸ்டாப், மத்தியானத்தில் ஈ காக்கா இருக்காது. கண்ணாடித் தடுப்பு வழியாக எதேச்சையாகப் பார்த்தால், முழுக்கைச் சட்டை. மடியில் பிளாஸ்டிக் பை, பைக்கு வெளியே வாடின கீரை நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு பஸ் வந்து நின்றது. அவர் ஏறவில்லை. பஸ் போன பிறகு எங்கள் கடையைப் பார்த்தார், கீரையைப் பார்த்தார். இன்னொரு பஸ் வந்தது, அதிலும் ஏறவில்லை. தெருவைத் தாண்டினால் கடை. தாண்டுவதற்குத்தான் அவரிடம் ஒன்றும் இல்லை, காரும் இல்லை, கழற்றுவதற்கு ஒரு நட்டும் இல்லை.

"என்னங்க, சார் அங்க உக்காந்திருக்கார்," என்றேன்.

என் கணவர் ஒரு வெள்ளைக் காருக்கு ஏர்கான் பார்த்துக்கொண்டிருந்தார். போன வருடத்து மாடல். எட்டிப் பார்த்தார். உள்ளே திரும்பிவிட்டார். எனக்கு எரிச்சல் வந்தது. இவ்வளவு நாள் கழித்து வந்திருக்கிற மனிதரை ஒரு வார்த்தை வாங்க என்று கூப்பிட்டால் என்ன குறைந்துவிடும்? நானே போகலாம் என்று எழுந்தேன்.

அப்போது பார்த்தேன். சுவரில் சாத்தியிருந்த துடைப்பக் கட்டையை அவர் காலாலேயே மேசைக்கு அடியில் தள்ளிவிட்டார். வெள்ளைக் காரின் முன்கதவை அகலத் திறந்து வைத்தார். பிறகு வாசலுக்குப் போய், எனக்குத் தெரிந்த அந்தப் பெரிய குரலில் கத்தினார்.

"சார்! கொஞ்சம் வர்றீங்களா? மிதிக்க ஒரு ஆள் வேணும்!"

சார் எழுந்துவிட்டார். இரண்டு பக்கமும் பார்த்து, ஷூ சேற்றில் படாமல் தாண்டி, வேகமாகத் தெருவைக் கடந்து வந்தார். கீரைப் பையை என் மேசையில் வைத்துவிட்டு, "அர்ஜென்ட் போலிருக்கு," என்று என்னிடம் சொல்லிக்கொண்டே காருக்குள் உட்கார்ந்தார். பூப்போட்ட மெத்தை என் நாற்காலியில் இருந்தது. எடுத்துப் போய் அவருக்குப் பக்கத்து சீட்டில் வைத்தேன். அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டார்.

"மிதிங்க!"

"மிதிச்சுட்டேன்!"

"ஃபுல்லா?"

"ஃபுல், மணி!"

"விடுங்க!"

"விட்டாச்சு!"

என் கணவர் பானெட்டுக்குள் குனிந்து நின்றார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. என்ஜின்கூட ஓடவில்லை. ஆனாலும் ஸ்பானரை எதிலோ தட்டிச் சத்தம் எழுப்பினார். மறுபடி மிதிக்கச் சொன்னார். கடை முழுக்க அவர்கள் குரல். நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்து கீரையை ஆய ஆரம்பித்தேன். கண் மறைத்தது, காம்பும் இலையும் ஒன்றாகக் கலந்துபோயின.

எல்லாம் முடிந்ததும் சார் இறங்கி முன்பக்கம் வந்தார். புதுக் கண்ணாடி போட்டிருந்தார். பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். கேபிள் எங்கே வரும், நட்டு எந்த இடத்தில் இருக்கும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்த ஆள் யார்? அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே கேபிளும் இல்லை, நட்டும் இல்லை, வெள்ளைக்கோடும் இல்லை. என் கணவர் பக்கத்தில் நின்று ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையால் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

"மணி, இது அடுத்த மாசமும் லூஸாகுமா?" என்று கேட்டார்.

"ஆகும் சார்," என்றார் என் கணவர். "இந்த வண்டி அப்படித்தான். மாசாமாசம் பாக்கணும்."